636001: சேலத்து அஞ்சல் எண்ணுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பரீட்சைக் கணக்கு வாரம் முழுவதும் அவர்களுக்குப் பள்ளியிலேயே கிடைக்கிறது. ஞாயிறன்று ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதையே துருவுவோம். ஒரு நாள், தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகையின் உறையைப் பார்த்து 636001 என்று பலகையில் எழுதினேன். அந்த ஓர் எண்ணே எங்களுக்கு ஐந்து வாரம் வந்தது. அப்போது பிள்ளைகளும், அழைத்துப் போக வந்த பெற்றோரும், நண்பர்களான ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன். பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அஞ்சல் குறியீடு வெறும் அடையாளம்தானே? அதைக் கூட்டுவதிலும் வகுப்பதிலும் என்ன அர்த்தம்?

அடையாளம்தான். 1972 ஆகஸ்ட் 15-இல் இந்த ஆறு இலக்க முறை நடைமுறைக்கு வந்தது. ஊர்ப் பெயர்கள் ஒன்றுபோல் இருந்ததாலும், பல மொழிகளில் முகவரி எழுதப்பட்டதாலும் கடிதங்கள் வழி தவறின. அதைத் தீர்க்க, மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஏற்பாடு இது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு அடங்கிய மண்டலம். முதல் மூன்று இலக்கங்களும் சேர்ந்து கடிதம் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். 636001 சேலம் தலைமை அஞ்சலகத்தின் எண். 636 என்ற தொடக்கம் சேலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. தர்மபுரிக்கும் அதே தொடக்கம்தான், 636701.

ஆனால் ஆறு இலக்கங்களை வரிசையாக எழுதிவிட்டால் அது ஒரு முழு எண்ணாகவும் ஆகிவிடுகிறது: ஆறு லட்சத்து முப்பத்தாறாயிரத்து ஒன்று. அந்த எண்ணுக்கு அஞ்சல் துறை வைத்த குணம் எதுவும் இல்லை. அதன் குணங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பவை. அதனால்தான் அது எனக்குப் பிடித்திருக்கிறது. பாடப்புத்தகத்து எண்கள் விடை அழகாக வருவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இது யாரும் கணக்குக்காகத் தேர்ந்தெடுக்காத எண்.

பழைய தமிழ் எண் முறையில் இதை ௬௱௩௰௬௲௧ என்று எழுதலாம். அறுநூற்று முப்பத்தாறு ஆயிரம், ஒன்று. நூறு, பத்து, ஆயிரம் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருப்பதால் சுழியம் தேவைப்படவே இல்லை. பிள்ளைகள் இதைக் கண்டு வியந்தார்கள்.

636001 பகா எண்ணா?

எங்கள் ஐந்து வாரத்தில் இரண்டு வாரம் இந்தக் கேள்விக்கே போனது.

பார்த்தவுடன் பகா எண் போலத்தான் தோன்றும். ஒற்றைப்படை. 5-இல் முடியவில்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 16, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. ஆகவே ஆறு இலக்க எண்ணை மும்மூன்றாகப் பிரித்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வரும் சிறு எண்ணைச் சோதித்தால் போதும். 636-இலிருந்து 001 போனால் 635. அது 7-ஆலும் வகுபடாது, 11-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது.

இனிக் குறுக்கு வழி இல்லை. 797-இன் வர்க்கம் 635209. 798-இன் வர்க்கம் 636804. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்கு உள்ளேயே ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். ஆகவே 797 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் 139. எட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பதினேழு, பதினெட்டு என்று பங்கு போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வகுத்தலின் மீதியையும் பலகையில் எழுத வேண்டும் என்பது நிபந்தனை.

53-ஐ எடுத்த பையன் முதலில் துள்ளினான், பிறகு முகம் வாடிவிட்டது. 53 × 12000 = 636000; மீதி ஒன்று. 223 வந்தது, மீதி 5. 241 வந்தது, மீதி 2. 401 வந்தது, மீதி 15. நூறு வகுத்தல்களைத் தாண்டியபோது பிள்ளைகள் பெரும்பாலோர் “இது பகா எண்தான் சார்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். முன்கூட்டியே விடையைப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கம் இல்லை.

அறுநூறுகளைப் பெற்றிருந்தவள் எட்டாம் வகுப்பு மாணவி. அவளுடைய நோட்டில் அந்தக் கணக்கு இப்படி இருந்தது: 6360-இல் 647 ஒன்பது முறை, 5823, மீதி 537. சுழியத்தை இறக்கினால் 5370; எட்டு முறை, 5176, மீதி 194. ஒன்றை இறக்கினால் 1941. மூன்று முறை, 1941. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் சுழியம். அதைச் சுற்றிப் பென்சிலால் மூன்று வட்டம் போட்டிருந்தாள்.

636001 = 647 × 983.

இரண்டுமே பகா எண்கள். பகா எண்களை வரிசையாக எண்ணினால் 647 என்பது 118-ஆவது. அதாவது சிறியதிலிருந்து தொடங்கிப் பொறுமையாக வகுத்துக்கொண்டு போகும் ஒருவர் 117 முறை தோற்று, 118-ஆவது முறை ஜெயிப்பார். நூறோடு நிறுத்தியிருந்தால், சேலத்து எண் பகா எண் என்று தவறாக நம்பிக்கொண்டிருப்போம்.

பலகையில் எழுதிய மீதிகளால் ஏதாவது பயன் இருந்ததா?

இருந்தது, அதுவும் நான் எதிர்பார்க்காத பயன். 7, 13, 29, 241 ஆகிய நான்குக்கும் மீதி 2 என்பதை ஒரு பையன் கவனித்தான். அப்படியென்றால் 636001-இலிருந்து 2 குறைத்தால் அந்த நான்காலும் வகுபட வேண்டும். பெருக்கிப் பார்த்தோம். 7 × 13 = 91; 91 × 29 = 2639; 2639 × 241 = 635999. மிச்சம் மீதி இல்லாமல் அந்த நான்கு மட்டுமே!

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். 636000 = 2⁵ × 3 × 5³ × 53. அதற்கு 96 வகுத்திகள். ஓர் எண் தள்ளி இருக்கும் 636001-க்கு 1, 647, 983, 636001 என்று நான்கே வகுத்திகள். தன்னை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கூட்டினால் 1631 மட்டுமே வருகிறது.

647 × 983 சரிதானா என்று மனத்தாலேயே சரிபார்க்க முடியுமா?

முடியும். 983 என்பது ஆயிரத்துக்குப் பதினேழு குறைவு. 647000-இலிருந்து 647 × 17, அதாவது 10999-ஐக் கழியுங்கள், 636001. நம் தாத்தாக்கள் செய்த ஒன்பது சோதனையும் உண்டு: 647-இன் இலக்கங்களைக் கூட்டினால் 17, அதையும் கூட்டினால் 8. 983-இன் இலக்கங்கள் 20, அதாவது 2. பெருக்கினால் 16, அதாவது 7. 636001-இன் இலக்கங்களும் 16, அதாவது 7. ஒத்துப் போகிறது. ஒன்பது சோதனையில் ஒத்துப் போகாவிட்டால் கணக்கு நிச்சயம் தவறு. ஒத்துப் போனால் சரியாக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். இலக்கங்கள் இடம் மாறிப்போன தவறை அது காட்டிக் கொடுக்காது.

எண் கணிதப்படி கூட்டினால் 7 வருகிறதே, ராசியான எண்ணா?

ஒன்பதால் வகுத்தால் மீதி 7 என்பதுதான் அந்த 7-இன் முழுப் பொருள். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

118 வகுத்தல் செய்யாமல் இதைப் பிரித்திருக்க முடியாதா?

முடிந்திருக்கும். இந்த வழியைப் பிள்ளைகளிடம் மூன்றாம் வாரம்தான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அதன் அருமை தெரிந்திருக்காது.

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபெர்மா காட்டிய வழி அது. (அ + ஆ)(அ − ஆ) = அ² − ஆ² என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தலைகீழாகப் பயன்படுத்த வேண்டும். 636001-ஐவிடப் பெரிய வர்க்கம் ஒன்றை எடுங்கள். அதிலிருந்து 636001-ஐக் கழியுங்கள். மிச்சமும் ஒரு வர்க்கமாக இருந்தால் வேலை முடிந்தது.

798-இல் தொடங்குவோம். 636804-இலிருந்து கழித்தால் 803. எந்த வர்க்கமும் 3-இல் முடியாது, தள்ளுங்கள். 799-க்கு 2400. மனம் துடிக்கும் இடம் இது, ஏனென்றால் 49-இன் வர்க்கம் 2401. ஒன்றால் தவறிவிட்டது. 800-க்கு 3999; வர்க்கம் இல்லை. 801-க்கு 5600, இல்லை. இப்படியே போனால் 815-இல் 664225 வருகிறது. கழித்தால் 28224. அது 168-இன் வர்க்கம்.

815 − 168 = 647. 815 + 168 = 983.

798 முதல் 815 வரை பதினெட்டே படிகள். யேற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ் வளைவுக்கு வளைவு திரும்பும்போது ஒவ்வொரு வர்க்கமாக மனத்தில் போட்டுக்கொண்டு வந்தால், உச்சியைத் தொடும் முன்பே விடை கிடைத்துவிடும். இன்னும் சுருக்கலாம். 636001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் நாம் எடுக்கும் முதல் வர்க்கம் ஒற்றைப்படை எண்ணின் வர்க்கமாகத்தான் இருக்க முடியும். இரட்டைப்படைகளை விட்டுவிட்டால் 799, 801, 803 என்று ஒன்பதே முயற்சிகள்.

இந்த வழி எப்போதும் இவ்வளவு கைகொடுக்காது. இரண்டு காரணிகளும் அருகருகே இருந்தால்தான் வேகமாக முடியும். 647-உம் 983-உம் வர்க்கமூலத்தின் இருபுறமும் பக்கத்திலேயே நிற்பதால் நமக்கு வாய்த்தது.

இது “புளும் எண்” என்று ஒருவர் சொன்னார். அப்படி என்றால் என்ன?

647-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. 983-ஐ வகுத்தாலும் மீதி 3. இப்படி, 4-ஆல் வகுத்தால் மீதி 3 தரும் வெவ்வேறு பகா எண்கள் இரண்டின் பெருக்கலே புளும் எண். கணினி அறிவியலுக்காக 1995-இல் டூரிங் விருது பெற்ற மானுவல் புளும் பெயரால் வழங்குகிறது.

சின்ன உதாரணமாக 21 = 3 × 7-ஐ எடுங்கள். 2, 5, 16, 19 ஆகிய நான்கின் வர்க்கங்களையும் 21-ஆல் வகுத்துப் பாருங்கள்; நான்குக்கும் மீதி 4. அந்த நான்கில் 16 மட்டும் தானே ஒரு வர்க்கமாக இருக்கிறது. ஒரு வர்க்கத்தை அந்த எண்ணால் வகுத்தால் வரும் மீதியை வர்க்க மீதி என்பார்கள். புளும் எண் எதை எடுத்தாலும், அதனோடு பொதுக் காரணி இல்லாத வர்க்க மீதி ஒவ்வொன்றுக்கும் இப்படி நான்கு மூலங்கள் இருக்கும். அவற்றில் சரியாக ஒன்று மட்டும் தானும் ஒரு வர்க்க மீதியாக இருக்கும். முன்னோக்கிப் போவது, அதாவது வர்க்கப்படுத்தி மீதி எடுப்பது, மிக எளிது. பின்னோக்கி வந்து மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எண்ணின் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் குணத்தை வைத்து 1986-இல் லெனோர் புளும், மானுவல் புளும், மைக்கேல் ஷப் மூவரும், ஊகிக்க முடியாத இலக்கங்களைப் பொழியும் ஒரு முறையை வெளியிட்டார்கள். மறைகுறியீட்டுக்கு அப்படிப்பட்ட இலக்கங்கள் தேவை.

இன்னொரு விளைவும் உண்டு. 636001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. எத்தனை முயன்றாலும் முடியாது என்பதை அந்த இரண்டு மீதி 3-களே நிரூபித்துவிடுகின்றன.

வங்கிப் பரிமாற்றத்தின் பாதுகாப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 647-ஐயும் 983-ஐயும் பெருக்க உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகும். 636001-ஐக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு ஞாயிறு ஆனது. பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம் என்ற இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் 1977-இல் தங்கள் மறைகுறியீட்டு முறையைக் கட்டினார்கள். அதே ஆண்டு 129 இலக்க எண் ஒன்றைப் பகிரங்கமாகச் சவாலுக்கு விட்டார்கள். அது 1994-இல்தான் உடைந்தது; உலகெங்கும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதற்குக் கொடுத்தார்கள். 2020-இல் 250 இலக்க எண் ஒன்று பிரிக்கப்பட்டது. இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் எண்களுக்கு 617 இலக்கங்கள். நம் ஆறு இலக்க எண்ணைக் கைபேசி கண்ணிமைக்கும் முன் பிரித்துவிடும். கணக்கின் தன்மை மட்டும் ஒன்றேதான்.

பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொல்லும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்வது வேறு. பகு எண்ணின் காரணிகளை எடுத்துக் காட்டுவது வேறு. முதல் கேள்விக்கு விரைவான, ஐயத்துக்கு இடமில்லாத வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா கண்டுபிடித்தார்கள். இரண்டாவது கேள்விக்குச் சாதாரணக் கணினியில் அப்படி விரைவான வழி எதுவும் இன்றுவரை வெளியாகவில்லை.

1-ஐ 636001-ஆல் வகுத்தால் தசமத்தில் என்ன வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

1/7 = 0.142857142857… என்று ஆறு இலக்கங்கள் சுழல்வது தெரிந்ததே. 7-ஆல் வகுக்கும்போது சுழியம் தவிர்த்து ஆறு மீதிகள்தான் சாத்தியம். ஆறும் ஒரு சுற்று வந்துவிடுகின்றன. எல்லாப் பகா எண்ணும் இப்படி முழுச் சுற்று வருவதில்லை. 1/13-இலும் ஆறே இலக்கங்கள்தான் சுழல்கின்றன, பன்னிரண்டு வரவில்லை. 647 முழுச் சுற்று வரும் இனம். 1/647 = 0.00154559505… என்று தொடங்கி 646 இலக்கங்களுக்குப் பிறகுதான் திரும்பும். 983-உம் அதே இனம். அதன் சுற்று 982.

ஒரு சக்கரம் 646 அடிக்கு ஒருமுறை, இன்னொன்று 982 அடிக்கு ஒருமுறை தொடக்கத்துக்கு வருகிறது. இரண்டும் சேர்ந்து தொடக்கத்துக்கு வருவது எப்போது? மீச்சிறு பொது மடங்கு. 646 = 2 × 17 × 19; 982 = 2 × 491. ஆகவே 646 × 491 = 317186. கடிதத்தில் எழுதும் ஆறு இலக்க எண்ணால் 1-ஐ வகுத்தால், மூன்று லட்சத்துப் பதினேழாயிரத்து நூற்று எண்பத்தாறு இலக்கங்கள் ஓடிய பிறகே சுழற்சி மீண்டும் தொடங்குகிறது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற விளையாட்டு ஏதாவது?

இரண்டு. முதலாவது, எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டுவது. 636001 + 100636 = 736637. இருபுறமும் ஒன்றுபோல் வாசிக்கலாம், “விகடகவி” மாதிரி. ஒரே கூட்டலில் கிடைத்துவிட்டது. எல்லா எண்ணும் இப்படி இணங்காது. 196-ஐ எடுத்துத் திருப்பித் திருப்பிக் கூட்டியவர்கள் கோடிக்கணக்கான இலக்கங்கள் வரை போயும் அப்படி ஓர் எண் கிடைக்கவில்லை.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் காட்டியது. இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். 663100 − 001366 = 661734. மறுபடியும்: 766431 − 134667 = 631764. மறுபடியும்: 766431 − 134667 = 631764. நின்றுவிட்டது! இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண் எதை எடுத்தாலும் கடைசியில் 6174-இல் நிற்கும் என்பது கப்ரேகரின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. ஆறு இலக்கங்களில் அப்படி நிற்கும் இடங்கள் இரண்டுதான்: 549945, 631764. சிலவை எங்கும் நிற்காமல் ஏழு எண்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சேலத்து எண் இரண்டே கழித்தலில் இடம் சேர்ந்துவிட்டது.

கணிதத்தில் “சேலம் எண்” என்று ஒன்று இருக்கிறதாமே, நம் ஊர்ப் பெயரா?

இல்லை. 1898-இல் தெசலோனிக்கியில் பிறந்து 1963-இல் பாரிசில் மறைந்த ரஃபயேல் சாலெம் என்ற கணிதவியலாளரின் பெயர் அது. ஆங்கில எழுத்தில் நம் ஊரைப் போலவே இருக்கும். அவை முழு எண்களும் இல்லை. இதுவரை அறியப்பட்டவற்றில் மிகச் சிறியது ஏறக்குறைய 1.17628, 1933-இல் லேமர் எழுதிய கட்டுரையில் வந்தது. அதைவிடச் சிறியது உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி.

மற்றப் பகுதிகளின் எண்கள் எப்படி?

அரசு கலைக் கல்லூரி இருக்கும் 636007 = 157 × 4051. பெரியார் பல்கலைக்கழகத்தின் 636011 = 367 × 1733. இரண்டும், தலைமை அஞ்சலகம் போலவே, இரண்டு பகா எண்களாகத்தான் பிரிகின்றன. உருக்காலையின் 636013-ஐ 1001 வழியில் பாருங்கள்: 636 − 13 = 623 = 7 × 89; ஆக 7-ஆல் வகுபடும்.

யேற்காட்டின் 636601-ஐ நான் கொடுக்கவில்லை. காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகள் ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். 647-ஐக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஐந்தாம் வாரம் தன் ஊர் எண்ணைத் தானே செய்து கொண்டுவந்தாள். 636-இலிருந்து 601 போனால் 35, ஆகவே 7 உண்டு என்பதைப் பஸ்ஸிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். மீதம் 90943. அதற்கு 301 வரை பகா எண்களைச் சோதிக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து 193 வரை வகுத்திருக்கிறாள். 197-க்கு மீதி 126. அடுத்து 199. அதை அவள் வகுக்கவில்லை. “இருநூறுக்கு ஒன்று குறைவுதானே சார்” என்று பலகையில் எழுதிக் காட்டினாள்: 457 × 200 = 91400. அதிலிருந்து ஒரு 457 போனால் 90943.

636601 = 7 × 199 × 457.